கம்பியைக் கழற்றிய பிறகு

"பலகைய இன்னும் ஒரு நூல் குறைக்க முடியுமாக்கா?" என்று முதலாளி பின்னால் வந்து நின்று கேட்டபோது அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "பாக்குறேன்" என்றுதான் வந்தது.

திரையில் இருந்தது ஒரு சின்னப் பலகையின் படம். நிஜத்தில் அது தபால்தலையில் பாதிகூட இருக்காது. மேலே சிப்பு, அடியில் பேட்டரி, ஒரு ஓரத்தில் ஆன்டெனா. ஆன்டெனா என்றவுடன் மொட்டைமாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்குமே, அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பலகையிலேயே பதித்த மெல்லிய செம்புக்கோடு. நீளமாக ஓட இடமில்லாததால் மடித்து மடித்து, பாம்பு நெளிந்த மாதிரி போட்டிருப்பார்கள். வைஃபை அலை அந்த நெளிவிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அதைச் சுற்றி வேறு செம்பு வரக்கூடாது, வந்தால் அலையை விழுங்கிவிடும். அதே சமயம் ஆன்டெனா காலை ஊன்றி எழும்ப, பலகையின் மிச்சப் பரப்பில் அகலமாக ஒரு செம்புத்தரையும் வேண்டும். வெற்றிடமும் வேண்டும், தரையும் வேண்டும், பலகை மட்டும் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். இந்த வழக்கைத் தீர்த்துவைப்பதுதான் அவள் பிழைப்பு. காலையில் வந்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை கோடு போடுவாள், அழிப்பாள், மறுபடி போடுவாள். ஆபீஸில் எல்லோருக்கும் அவள் கோட்டக்கா.

பலகை போய் உட்காரப் போவது ஒரு கைப்பட்டையில். வலிப்பு வருகிறவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வதற்கு. கை வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கினால் பட்டை அதை உணர்ந்து, வீட்டு வைஃபை வழியாக வீட்டாருடைய போனுக்குச் சொல்லிவிடும். தடியாக இருந்தால் யாரும் கட்டமாட்டார்கள், கழற்றி வைத்துவிடுவார்கள் என்பது முதலாளியின் கட்சி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த வேலையை அவள்தான் வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் யாரும் கேட்கவில்லை.

அவள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோதே வலிப்பு வந்துவிட்டது. இப்போது இருபதைத் தாண்டிவிட்டாள். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. அது சொல்லாமல் கொள்ளாமல் வரும், ஆளைக் கீழே தள்ளிவிட்டுப் போகும். புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு, உதட்டுக்குக் கீழே ஒன்று. அப்பா என்று இருந்தவர் வேறு வீடு, வேறு குடும்பம் என்று போய் வெகு காலமாகிறது. அம்மா வேலைக்குப் போனால் துணைக்கு இருந்தது பெரியம்மாதான், அம்மாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. அந்த அக்காவின் முழங்கால் இப்போது மாடிப்படிக்கு மசியமாட்டேன் என்கிறது. மாசக் கடைசியில் அக்காவின் மகன் வந்து தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான்.

"நான் என்னடி பண்ணட்டும். அவள தூக்கணும்னா, என்னைத் தூக்க முதல்ல ரெண்டு ஆள் வேணும்" என்றாள் அக்கா. "இந்த மாதிரிப் பொம்பளைங்களுக்குன்னு இருக்கே, அந்த இல்லத்துல சேத்துடு. பாத்துக்க ஆளு இருக்கு. நீயும் நிம்மதியா வேலைக்குப் போவ."

மூவரும் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்கள். குறை சொல்ல முடியாது, சுத்தமாகத்தான் இருந்தது. ஒரே நீளக் கூடம். வரிசையாகக் கட்டில்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் தடுப்பு, தடுப்பில் துணி சுற்றிய மெத்தை. நட்டநடுப் பகலில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றை அணைப்பதே இல்லையாம். கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்கள் வாசலைப் பார்த்தார்கள், வந்தவர்களைப் பார்த்தார்கள், மறுபடி வாசலைப் பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் மகளைவிட இரண்டு மடங்கு வயது இருக்கும்.

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் மகள் வாயைத் திறக்கவில்லை. வாய் ஓயாத பெண். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"உன் பட்டை எப்பம்மா ரெடியாகும்?"

"மாசக் கடைசிக்குள்ள."

"அது வந்துட்டா நான் இங்கயே இருக்கலாம்ல? பகல்ல தனியா?"

"இருக்கலாம்."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றாள் அவள். சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு முதலாளி குறைக்கச் சொன்னபோதெல்லாம் குறைத்தாள். பேட்டரியை நகர்த்தினாள், நெளிவை இன்னும் நெருக்கினாள், தரையில் கொஞ்சம் கடித்தாள். ஒவ்வொரு பலகையும் செய்து வந்ததும் கருவியில் மாட்டி அளந்தாள். அளப்பது எப்படியென்றால், பலகையின் ஓரத்தில் ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து மறுமுனையைக் கருவியில் சொருகுவார்கள். திரையில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு சரியான இடத்தில் பள்ளமாக இறங்கினால் ஆன்டெனா உயிரோடு இருக்கிறது. மனிதக் கைக்குப் பதிலாக உப்புத்தண்ணீர் நிரப்பிய உறையில் பட்டையைக் கட்டியும் பார்த்தாள். பள்ளம் இறங்கியது. இத்தனை குட்டிப் பலகைக்கு இப்படியொரு பள்ளமா என்று அளவுக்காரரே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அளவுக்காரர் என்பது அந்தக் கருவிகளுக்கெல்லாம் பொறுப்பான மனிதர். சுலபத்தில் யாரையும் மெச்சுகிறவர் இல்லை.

ஒன்றே ஒன்றுதான். கை தவறிக் கம்பியில் பட்டால் பள்ளம் நகர்ந்தது. அது ஏன் என்று குடைந்து பார்க்க வேண்டும். குடைந்தால் என்ன வரும் என்று அவளுக்குள் யாரோ ஒருத்திக்குத் தெரிந்தும் இருந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கப் பழகிக்கொண்டாள். கையை எடுத்துவிட்டால் கோடு அசையாமல் நின்றது. தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்காருவோமே, அப்படி உட்கார்ந்து அளந்தாள்.

கம்பியைக் கழற்றி, பலகையைப் பட்டைக்குள் வைத்து மூடி, முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தாள். மகள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்கே. கல்யாணத்துக்கே கட்டிட்டுப் போலாம்."

"யாரு கல்யாணத்துக்கு?" என்றாள் பெரியம்மா.

"உனக்குத்தான் பெரியம்மா. முட்டி மட்டும் சரியாகட்டும், அப்புறம் மாப்பிள்ளை பாப்போம்."

"இந்த வாய் மட்டும் இல்லேன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்."

கூடத்தில் வைஃபைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மகள் கையை வெட்டி வெட்டி ஆட்டினாள். அம்மாவின் கையிலிருந்த போன் அலறியது. பெரியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கைதட்டினாள். மகள் பின்னறைக்கு ஓடிப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆட்டினாள். போன் பேசாமல் இருந்தது.

"வந்துச்சாம்மா?"

"இரு. இன்னொரு தடவ."

போனை அணைத்துப் போட்டாள். பெட்டியை அணைத்துப் போட்டாள். மகளை அறைவாசலுக்கு வரச் சொன்னாள், கூடத்துக்கு வரச் சொன்னாள், பெட்டியிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நிற்கச் சொன்னாள். ஒன்றும் வரவில்லை.

"அம்மா, கை வலிக்குது" என்றாள் மகள். பிறகு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சிரிக்கிற மாதிரி, "நான் ஆட்டுறது சரியில்லையோ? நிஜமா வர்றப்ப எப்படி ஆடும்னு எனக்கு எங்க தெரியும். நீங்கதான பாத்துருக்கீங்க" என்றாள்.

மறுநாள் அளவுக்காரரிடம் போய் நின்றாள். அவர் கம்பி பற்றவைத்த பலகையை எடுத்து மாட்டினார். அதே அழகான பள்ளம். இழுப்பறையைத் திறந்து கறுப்பு மணிகள் சிலவற்றை எடுத்தார். கம்பியின் மேல்தோலில் அலை ஓடாமல் தடுக்கிற மணிகள் அவை. போன வருஷம் அவற்றை வாங்கச் சொல்லிக் கேட்டவளே அவள்தான். அவர் ஒவ்வொன்றாகக் கம்பியில் கோத்தார். கோக்கக் கோக்கப் பள்ளம் தூர்ந்துகொண்டே வந்து, கடைசியில் கோடு துடைத்துவிட்டாற்போல் சப்பையாகக் கிடந்தது.

"இத்தனை நாளும் இந்தக் கம்பிதான்கா பேசியிருக்கு. பலகைக்குத் தரை பத்தல. கம்பி இருக்கிற வரைக்கும் அதையே தரையா ஊனிக்கிட்டு எழுந்து நின்னுருக்கு. கழட்டினதும் உக்காந்துருச்சு" என்றார். பிறகு, "கை பட்டப்ப ஆடலையா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஆடுச்சு."

அவர் மணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இழுப்பறையில் போட்டார்.

தரை ஒரு விரலகலம் நீண்டால் போதும். அதை முதலாளியிடம் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பட்டையின் கூட்டுக்கு இரும்பில் அச்சு வெட்டி முடிந்துவிட்டது, இனி அதை விரிக்க முடியாது.

"வைஃபைப் பெட்டிக்குப் பக்கத்துல இருந்தாதான் வேலை செய்யும்னு அட்டையில போட்டுருவோம்க்கா. அடுத்ததுல சரி பண்ணிக்கலாம்."

"அடுத்தது எப்ப?"

"அடுத்த வருஷம்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உங்க பொண்ணுக்காகத்தான் கேக்குறீங்கன்னு தெரியும்க்கா. என்னால முடிஞ்சா..."

"விடுங்க" என்றாள்.

ஆனால் அவள் விடவில்லை. மனசு கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பட்டையில் ஊசிமுனை அளவு துளை போட்டு, பலகையின் தரையோடு ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து வால் மாதிரி வெளியே விட்டாள். மகள் அதை எலிவால் என்றாள். எலிவாலோடு பின்னறையிலிருந்து போன் அலறியது. சமையல்கட்டிலிருந்து அலறியது. மாடிப்படி முனையிலிருந்துகூட அலறியது. அன்றைக்கு மூன்று பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பெரியம்மா எலியைப் பற்றிச் சொன்ன கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விடுமுறை நாள் ஒன்றில் பால் வாங்கக் கீழே கடைக்குப் போனாள். போன் கையிலேயே இருந்தது. ஒலியை முழுக்க ஏற்றி வைத்திருந்தாள். கடைக்காரர் மிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, வெறும் குரல். அவள் போனைப் பார்த்தாள். அது கறுத்துக் கிடந்தது. படியேறி வந்தது அவளுக்கு நினைவில்லை. பின்னறைக் கட்டிலில் மகள் குப்புறக் கிடந்தாள், முகம் தலையணையில் புதைந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். புரட்டத் திராணியில்லை. அம்மா ஒரே புரட்டில் புரட்டினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. எவ்வளவு நேரம் என்று யார் சொல்ல முடியும். பிறகு மூச்சு வந்தது, அடைத்த குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி விட்டுவிட்டு.

எலிவால் அறுந்து போர்வையில் கிடந்தது. முதல் வெட்டிலேயே போயிருக்க வேண்டும். பற்றவைத்த இடத்தில் முடி இற்றுப்போனாற்போல் இற்றிருந்தது.

மகள் அன்று முழுக்கத் தூங்கினாள். அடுத்த நாளும் முக்கால்வாசி தூங்கினாள். எழுந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, எதுவும் நடக்காத மாதிரி, "இல்லத்துக்குப் போன் பண்ணிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பண்ணிரு. கட்டிலு இன்னொருத்திக்குப் போயிடப் போவுது."

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம்டி. ஆபீஸ்ல வேற மாதிரி..."

"அம்மா." மகள் டம்ளரை வைத்தாள். "நீ பண்ண சத்தியத்தப் பத்தி நான் உன்ன எதுவும் கேக்கல. கேப்பேன்னு பயப்படாத."

கையை மடியில் வைத்துக்கொண்டு அளந்ததை இந்தப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் தன் பாரம்தான் குறையும், அவள் கட்டில் மாறாது. விழுங்கினாள்.

போக வேண்டிய நாளன்று துணியெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து அம்மாவின் புடவைத்தலைப்பைப் பிடித்து இழுத்தாள், சின்னப் பிள்ளையில் இழுப்பதுபோல.

"ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லு."

"பெரியம்மாவக் கூட்டிட்டு வெளிய போயிரு. வண்டி வர்ற வரைக்கும். நான் இந்த வீட்ல தனியா இருந்ததே இல்லம்மா. ஒரு தடவகூட."

"பைத்தியமாடி உனக்கு? முந்தாநேத்துதான்..."

"தெரியும்."

பெரியம்மாதான் முதலில் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, நடந்துவந்து தங்கையின் தோளில் கைவைத்தாள். அந்தக் கையின் கனத்தில் அவள் நகர்ந்தாள். இருவரும் வெளியே வந்ததும் கதவு உள்ளிருந்து சாத்திக்கொண்டது. அக்கா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கத் தொடங்கினாள். அம்மாவால் இறங்க முடியவில்லை. மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்தது. எதற்கு நகர்த்துகிறாள் என்று தெரியவில்லை. குழாய் திறந்து மூடியது. பிறகு காலடிச் சத்தம். அவசரமில்லாத காலடி. கூடத்திலிருந்து சமையல்கட்டுக்கு, சமையல்கட்டிலிருந்து பின்னறைக்கு. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் நடப்பார்களே, அந்த நடை. ஏதோ முணுமுணுப்பு கேட்டது. பாட்டா, தனக்குத் தானே பேச்சா என்று பிடிபடவில்லை.

படிக்கட்டு இருட்டாக இருந்தது. கதவடியில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம். அதில் மகளின் நிழல் ஒருமுறை குறுக்கே போனது. அம்மா குனிந்து, கன்னம் தரையில் படப் படுத்துக்கொண்டு, அது திரும்பி வருவதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.