வியாழக்கிழமைக்காரர்

தம்பிதுரை காலையில் எழுந்து பல் துலக்குவார், பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவார், மனைவி கயல்விழி கரைத்துக் கொடுக்கும் கம்பங்கூழைக் குடித்துவிட்டு சைக்கிளில் வேலைக்குப் போவார். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தீயணைப்பு நிலையத்தில் வேலை. முதலில் சிவப்பு வண்டியை முடுக்கி இஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும். பிறகு தொட்டியில் தண்ணீர் பார்க்க வேண்டும், நனைந்த துணிக்குழாய்களை உயரத்திலிருந்து தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும், பித்தளை முனைகளைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். வியாழக்கிழமைகளில் மட்டும் இன்னொரு வேலை இருந்தது. அரங்கசாமியின் கழிவுப் பஞ்சு குடோனுக்குப் போய், அங்கே வந்திருக்கும் நெருப்பை நலம் விசாரித்து வழியனுப்ப வேண்டும்.

இது தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடையில் தொடங்கியது. முதல் தடவை குடோன் பற்றியபோது வண்டித் தண்ணீர் தீர்ந்துவிட்டது, குளமும் சேறாகக் கிடந்தது. நெருப்பு கூரைக்கு மேல் நின்றது. தம்பிதுரை காங்கேயத்துக்காரர், கன்றுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடும் குடும்பம். வெறும் குழாயோடு நின்றவர் வேறு வழி தெரியாமல், "ஏனுங்க, கொஞ்சம் எறங்குங்க. பக்கத்துல ஊடு வாசலெல்லாம் இருக்குதுங்க" என்று கேட்டுக்கொண்டார். நெருப்பு கொஞ்சம் யோசித்து முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. அவர் வாசல்வரை கூடவே நடந்தார். அங்கே அது அணைந்தது. அணையும்போது, யார் கிளம்பினாலும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்: போயிட்டு வாங்க. அடுத்த வியாழக்கிழமை, அதே நேரத்துக்கு, அது வந்தது.

அதன் பிறகு வாராவாரம் வந்தது. ஊர் அதற்கு வியாழக்கிழமைக்காரர் என்று பெயர் வைத்தது. அரங்கசாமி பஞ்சை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அது அமர்வதற்கு ஒரு மூலையில் பழைய சாக்குகளைப் போட்டுவைத்தார். பெண்கள் சோளக்கதிர் கொண்டுவந்து வாட்டிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மதிலில் ஏறி உட்கார்ந்து வண்டிக்காகக் காத்திருந்தார்கள். மணியடித்துக்கொண்டு அது வளைவில் திரும்பும்போது அவர்களோடு மதிலும் சேர்ந்து குதித்ததாகச் சொல்வார்கள். அந்த இடத்தில் இன்றும் விரிசல் இருக்கிறது. தீயணைப்பு வீரர்களுக்குப் பயமே கிடையாது என்று பிள்ளைகள் நம்பினார்கள். உண்டு. பூட்ஸ் மாட்டும்போதே பயமும் காலில் ஏறிக்கொள்ளும். வண்டி வேகம் எடுத்து, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகையில், வயிறு ஊஞ்சலில் ஏறினாற்போல் ஆகி, அந்தப் பயம் சிரிப்பாக மாறும். தம்பிதுரைக்கு எப்போதும் அப்படித்தான் மாறியது.

ஆனால் விருந்தாளி வரவரப் பெருத்தது. நிலைய அலுவலர் வெங்கடபதி, இனி யாரும் போயிட்டு வாங்க என்று சொல்லக் கூடாது, போ என்று மட்டும் சொல்ல வேண்டும் என உத்தரவிட்டார். காலை அணிவகுப்பில் அதற்கும் பயிற்சி நடந்தது. எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, போ என்றார்கள். வாயை மூடுவதற்குள் ங்க தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எப்படிச் சொல்வது என்று காட்ட முன்வந்த வெங்கடபதியும் கோபிசெட்டிபாளையத்துக்காரர். அவர் போ என்று முடித்துவிட்டு, மனசு கேட்காமல், "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் ஒரு வியாழக்கிழமை தம்பிதுரை வழியனுப்பும்போது வாய் தவறி, "ஒரு நாளைக்கு நம்மூட்டுப் பக்கமும் வாங்க" என்றுவிட்டார். அந்தப் பக்கத்தில் இதைச் சொல்பவர் யாரும் நிஜமாக வரச்சொல்லிச் சொல்வதில்லை, கேட்பவரும் வருவதில்லை. நெருப்புக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்று அது படபடத்தது அங்கிருந்த எல்லோர் காதிலும் விழுந்தது.

தம்பிதுரையின் வீடு ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழ் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று. ஒன்று பற்றினால் வரிசையே போய்விடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விடும்படி வெங்கடபதி நேரில் வந்து சொன்னார். கயல்விழி மறுத்துவிட்டாள். "கூப்புட்டுப்போட்டு கதவச் சாத்துனா நல்லாருக்குதுங்களா சார்?" என்றாள். அவர் ஞாயிறன்று தீயணைப்பு வண்டியைத் தெருவில் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு மதியம் அது டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியது. யார் மேலும் படக்கூடாதென்று படியிலேயே நின்று வந்ததாகக் கண்டக்டர் சொன்னார். தெருவில் அக்கம்பக்கத்தார் சட்டிபானைகளோடு நின்றார்கள். வண்டி தயாராக நின்றது. உள்ளே கயல்விழி தகரம் விரித்து, முதலில் உரித்த கடலைத்தோல் பரிமாறினாள், பிறகு காய்ந்த பருத்திமார்க் குச்சி, பிறகு கொட்டாங்குச்சி. இன்னும் கொஞ்சம் என்று தம்பிதுரையின் வாய் பழக்கத்தில் உபசரித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு உபசாரத்துக்கும் நெருப்பு ஒரு முழம் வளர்ந்தது. ஓடுகள் வெடிக்கத் தொடங்கின. தம்பிதுரைக்குப் பயம் வந்தது. இந்தத் தடவை அது சிரிப்பாக மாறவில்லை. அவர் கயல்விழியின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

அவள் வரவில்லை. நெருப்பு நின்ற இடத்தில் ஆடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கோபம் அல்ல, உறக்கம். இத்தனை காலமும் எல்லோரும் அதனிடம் வாங்க என்றார்கள், போயிட்டு வாங்க என்றார்கள், படுங்க என்று ஒருவரும் சொன்னதில்லை. அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து மடியைத் தட்டினாள். "அலைஞ்சது போதுஞ் சாமி. படுங்க கண்ணு" என்றாள். உத்தரத்திலிருந்து நெருப்பு இறங்கி வந்தது. தட்டத் தட்டச் சிறுத்து, கோழிக்குஞ்சு அளவுக்கு ஆகி, அவள் மடியில் சுருண்டுகொண்டது. சேலை கருகவில்லை. இஸ்திரி போட்ட துணியின் வாசனை மட்டும் வந்தது.

அது இன்னும் உறங்குகிறது. சத்தம் கேட்டால் விழித்துக்கொள்ளும் என்பதால் அவள் அதன் பிறகு பேசவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. வருடங்கள் போய்விட்டன. அந்தத் தெருவில் பஸ்கள் ஹாரன் அடிப்பதில்லை, கல்யாண ஊர்வலங்கள் மேளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடக்கின்றன. நிலையத்தார் இப்போது பெரும்பாலும் கிணற்றில் விழுந்த மாடுகளைத் தூக்குகிறார்கள். தம்பிதுரை வேலை முடிந்து வந்து சமைத்து, அவளுக்கு ஊட்டி, தலைவாரிவிட்டு, எதிரே உட்கார்ந்துகொள்கிறார். அன்றைக்கு அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று ஊரில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். வரிசை வீட்டுக்காரர்களுக்கு வாழ்த்து சொன்னதாகக்கூட ஒரு பேச்சு உண்டு. பக்கத்தில் இருந்தவர் தம்பிதுரை ஒருவர்தான். நெருப்பு கண்ணயர்ந்ததும் அவள் அவரை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகச் சொன்னது இது: "ஏனுங்க, ரசத்துல உப்புப் போட மறந்துபோட்டனுங்க. பாத்துப் போட்டுக்கங்க."