பச்சைக் கண்ணுள்ள ஒரே ஒரு தலைப்பிரட்டை

1

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து திருடினேன். அவள் தவளை முட்டைக்குள் மரபணு ஏற்றிக்கொண்டிருந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்தபடியே போனில் எல்லாவற்றையும் சொன்னாள். நான் பேனாவை எடுத்தது அவளுக்குத் தெரியாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நுண்ணோக்கியின் அடியில் ஒரு பிரபஞ்சமே...’

வேண்டாம். அக்கா படித்தால் சிரிப்பாள். (படித்தாள். சிரித்தாள்.)

2

நடந்தது இதுதான். கண்ணுக்கான ஒரு மரபணு எங்கே விழித்துக்கொள்கிறது என்று பார்க்க, பச்சையாய் ஒளிரும் இன்னொன்றை அதனோடு கோத்து முட்டைக்குள் செலுத்துவார்கள். சிறு துண்டாகச் செலுத்தியபோது தலைப்பிரட்டையின் வாலெல்லாம் பச்சை. கண் மட்டும் இருட்டு.

"ஏன்க்கா அப்படி?"

"விளக்கு இந்த ரூம்ல, சுவிட்ச் மூணு தெரு தள்ளி இருக்குடா. ரூமை மட்டும் பேத்து எடுத்துட்டுப் போனா எப்படி எரியும்? தெருவோட சேத்துத் தூக்கணும்."

தெருவோடு தூக்கினாள். இரண்டு லட்சம் எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. வேகமாக உறிஞ்சினாலே அறுந்துபோகும். அகலவாய் ஊசி, நடுங்காத கை, மூன்று வருடம். முட்டைகள் கொத்துக் கொத்தாய்ச் செத்தன.

(இங்கே அக்காவின் கண்ணீர் பற்றி ஒரு பத்தி இருந்தது. "நான் எங்கடா அழுதேன்? பசிச்சுது, போய்ச் சாப்பிட்டேன்" என்றாள். பத்தி போயிற்று.)

3

பிறகு ஒருநாள், நானூற்றுப் பன்னிரண்டு முட்டைகளில் ஒன்றிலிருந்து வந்த தலைப்பிரட்டை மட்டும், கண்களில் மட்டும், பச்சையாய் ஒளிர்ந்தது.

அவள் வேலை ஒப்பந்தம் முடிய அப்போது ஆறே வாரம். ஆய்வகத் தலைவியை அக்கா ‘மேடம்’ என்பாள். அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

"கண்ணை மெல்லிசாச் சீவி, எந்தெந்தச் செல் ஒளிருதுன்னு காட்டும்மா. அது கையில இருந்தா உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் வாங்கித் தருவேன்."

"சீவினா செத்துடும் மேடம். இது ஒண்ணுதான் இருக்கு. வளத்தா ஒண்ணு நூறாகும். குஞ்சுங்க கண்ணும் ஒளிர்ந்தாத்தான் நானே நம்புவேன்."

"வளர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீ இங்க இருக்கணுமே?"

மேடத்தை வில்லியாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் அக்காவின் நல்லதுக்குத்தான் சொன்னார்.

4

நான் எழுதி வைத்திருந்த முடிவு: அக்கா கத்தியை எடுத்தாள், கை நடுங்கியது, வைத்துவிட்டாள், மேடம் மனம் மாறி

இல்லை. அக்கா கத்தியைத் தொடவே இல்லை. ஆறாம் வாரம் மேசையைக் காலி செய்துவிட்டு, இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலையிலிருந்து மாலை வரை ஊசி குத்துகிறாள்.

"வருத்தமா இல்லையாக்கா?"

"இருக்கு. அதுக்கு?"

அந்தத் தலைப்பிரட்டையின் தொட்டிக்கு மேடமே தண்ணீர் மாற்றுகிறாராம். வேறு யாரையும் கிட்டே விடுவதில்லையாம். போன வாரம் அக்காவுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தார்: ‘பின்னங்கால் வந்துடுச்சு.’ அக்கா அதை என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

"கதையை எப்படி முடிக்கட்டும்?" என்று கேட்டேன்.

"அது ஆணா பொண்ணான்னே இன்னும் தெரியல. உனக்கு அதுக்குள்ள முடிவு வேணுமா?"

ஆகவே கீழே இடம் விட்டிருக்கிறேன். குஞ்சுகள் பொரிந்து, அறை விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் நுண்ணோக்கியில் குனியும் நாள் வரும். என்ன தெரிந்தது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். குனிந்திருப்பது மேடமா, அக்காவா என்பதையும் நீங்களே. அக்காதான் என்று எழுத எனக்குக் கை பரபரக்கிறது, ஆனால்