தண்டம் கட்டியவள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபத்தோடு எழுத உட்காரக் கூடாது என்று நம்புகிறவன் நான். விபூதி பூசிப் பார்த்தேன், ஆறவில்லை. வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை பிரியாந்தினி தொலைபேசியில் கேட்டதுதான் காரணம்.

"அண்ணா, குடியுரிமை விண்ணப்பத்தில 'எப்பவாவது போக்குவரத்துக் குற்றத்துக்குத் தண்டம் கட்டினீங்களா' எண்டு கிடக்கு. கண்டியில கட்டினதையும் போடவோ?"

பின்னால் அவள் கணவன் தினேஸின் குரல்: "மச்சான், இவவுக்குச் சொல்லுங்கோ! பாவமன்னிப்புக் கேக்கிற இடமே அது?"

குடியுரிமை கிடைத்தால்தான் அவள் அம்மாவைத் தன்னிடம் அழைக்கலாம். "விசாரணை எண்டு இழுத்தடிச்சா அம்மா என்ன செய்வா?" என்றாள்.

2

கண்டியில், பேராதனை வீதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டியில்—

[வெட்டிவிட்டேன். அன்று நல்ல வெயில். உங்கள் இரக்கத்துக்காக நான் சேர்த்த மழை.]

நடந்தது இது. பக்கத்து வீட்டு அஸீமாவின் குழந்தைக்கு வலிப்பு. இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்த பிரியாந்தினி, ஒருவழிப் பாதையில் எதிராகப் புகுந்தாள். பின்னால் மோட்டார் சைக்கிளில் தினேஸும் புகுந்தான். பொலிஸ்காரர் இருவரையும் மறித்தார். தினேஸ் லைசன்ஸுக்குள் ஐந்நூறு ரூபாயை வைத்து நீட்டினான். அவன்மேல் ஒன்றும் எழுதப்படவில்லை.

"எனக்குத் தண்டச் சீட்டு எழுதி வையுங்கோ. பிள்ளையை விட்டிட்டு வாறன்" என்று லைசன்ஸைக் கொடுத்துவிட்டுப் போனாள் இவள். மறுநாள் தபால் கந்தோரில் தண்டம் கட்டினாள்.

3

பொலிஸ்காரரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். முடியவில்லை.*

*பணம் வாங்கிய அதே கையை நீட்டி, எதிரே வந்த பஸ்களை நிறுத்தி ஸ்கூட்டிக்கு வழிவிட்டவரும் அவரே. பிள்ளை பிழைத்தது. விண்ணப்பத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

தினேஸும் கெட்டவன் அல்லன். அன்று ஆஸ்பத்திரியில் அஸீமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவன் அவன்தான். அப்படியானால் நான் யார்மேல் கோபப்படுவது? ஒழுங்காகக் கட்டியவள் தூக்கமின்றிக் கிடக்கிறாள். கொடுத்துத் தப்பியவனின் பெயரில் ஒரு கறையும் இல்லை. இறைவா, இது என்ன நீதி?

4

முடிவு ஒன்று: அவள் "இல்லை" என்று எழுதுகிறாள். அம்மா விமானம் ஏறு—

[மாட்டேன்.]

முடிவு இரண்டு: "ஆம்" என்று எழுதுகிறாள். இதை எழுதுமுன் அம்மாவிடம் கேட்டேன்.

"கட்டினதைக் கட்டினதெண்டு எழுதச் சொல்லு. நான் எங்க ஓடப்போறன்?"

அவள் அப்படியே எழுதினாள். அம்மா காத்திருக்கிறார்.

5

மிச்சம், குடியுரிமைக்கு தினேஸும் போடும் விண்ணப்பம். அதே கேள்வி: எப்போதாவது தண்டம் கட்டினீர்களா? அவன் கட்டவில்லை. "இல்லை" என்பது அப்பழுக்கற்ற உண்மை. அந்த உண்மையை எழுத என் கை கூசுகிறது.

பேனாவைப் பிடியுங்கள். நீங்கள் எழுதுங்கள், பார்ப்போம்.