கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

ராஜமேரி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஓர் இங்கிலீஷ் வார்த்தையும் குடியிருந்தது. அட்ஜஸ்ட். வீட்டிலிருந்த யாரைவிடவும் அதற்குத்தான் வேலை அதிகம்.

அவள் புருஷன் இன்னாசிராஜ், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் கோயிலுக்கு உபதேசியார். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளில் மணி அடிப்பது, ஜெபம் சொல்லிக்கொடுப்பது, புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பது எல்லாம் உபதேசியார் பாடு. தக்காளிக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தாலும், சண்டை என்று ஆள் வந்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்.

அந்த ஒரு வார்த்தையை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுப்பதில் அவர் கெட்டிக்காரர். மாமியாரென்றால் "விட்டுக் குடுங்க". புதுப்பெண்ணென்றால் "போகப் போகப் பழகிரும்". பிள்ளை பெற்றவளென்றால் "புள்ளைங்க மொகத்தப் பாத்துப் பொறுத்துக்கோம்மா". காலேஜ் படித்தவளென்றால் "அனுசரிச்சுப் போகணும்". ஆம்பளைகளுக்கு மட்டும் அவரிடம் வார்த்தை கிடையாது. "பாத்து நடந்துக்கப்பா" என்று தோளில் ஒரு தட்டு. மேல்சட்டைதான் வேறு வேறு, உள்ளே இருப்பது ஒரே ஆள் என்பது உள்ளே காபி போட்டுக்கொண்டே கேட்கிற ராஜமேரிக்குத் தெரியும். அழுது ஓய்ந்த பெண்ணுக்கு டம்ளரைக் கொண்டுவந்து கொடுப்பது அவள் வேலை. அந்தப் பெண் காபியைக் குடித்துவிட்டால் புருஷன் வீட்டுக்குக் கிளம்பப் போகிறாள் என்று அர்த்தம்.

கிழக்குத் தெரு லூர்துமேரி அப்படிப் பலமுறை குடித்துவிட்டுப் போனவள். பிறகு வருவது நின்றுபோனது. அவளைப் பற்றிக் கேட்டால் ஊரில், "அட்ஜஸ்ட் ஆயிட்டா" என்பார்கள். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று சாயங்காலம், ராஜமேரியின் மூத்த மகள் ஜெனிஷா, மாற்றுத்துணிகூட இல்லாமல் கையில் ஒரு குருத்தோலையோடு வந்து நின்றாள். ஓசூரில் கோயில் பவனிக் கூட்டத்தில் புருஷன் பக்கத்திலிருந்து நழுவி, கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டாளாம்.

மாப்பிள்ளை ஃபிராங்க்ளின் ஓசூரில் கம்பெனி வேலைக்காரன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று. அடித்திருந்தால் காட்ட ஒரு தழும்பாவது இருந்திருக்கும். அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவான். ஒருநாள் சிலிண்டர் கசிந்து வீடெல்லாம் வாடை. இவள் சன்னலில் கத்தக் கத்தக் கீழ்வீட்டுக்காரம்மா ஓடிவந்து பார்த்தாள். பூட்டு, சாவி இல்லை. வேலை நேரத்தில் அவன் போனை எடுக்கவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, அவன் வரும்வரை சன்னல் கம்பியில் மூக்கை வைத்து உட்கார்ந்திருந்தாளாம். வந்தவன் பூட்டைத் திறந்துகொண்டு, டிபன் என்ன என்று கேட்டிருக்கிறான்.

இதைக் கேட்டு இன்னாசிராஜ் அன்று சோற்றில் கை வைக்கவில்லை. புள்ள கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும் என்றார். ராஜமேரிக்கு உயிர் வந்தது. ஊரார் பெண்களுக்குச் சொன்னதை மனுஷன் தன் பெண்ணுக்குச் சொல்லமாட்டார், வேறு வார்த்தை ஒன்று வைத்திருப்பார் என்று நம்பினாள். பைத்தியக்காரி, நன்றாகவே நம்பினாள்.

ஆனால் சின்னவள் ஜோஸ்வினுக்குக் காரிமங்கலத்தில் நிச்சயமாகியிருந்தது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு பெயர் சொல்லி, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவித்த பிறகுதான் கல்யாணம். பெரிய வெள்ளி முடிந்த மறுநாளே காரிமங்கலத்திலிருந்து போன் வந்தது. மூத்தவள் பண்டிகைக்கு வந்திருக்கிறாளா, வேறு ஏதாவதா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். இன்னாசிராஜ் பண்டிகைக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ஈஸ்டர் திங்களன்று ஃபிராங்க்ளின் தன் சித்தப்பாவோடு வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் கேக் பெட்டி. சிட்டி கெட்டுக் கிடக்கிறது, அவள் பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறேன் என்று மாமனாரிடம் பணிவாகச் சொன்னான். சித்தப்பா, தங்கமான பையன், ஒரு பூட்டுக்காகக் குடும்பத்தைக் கெடுக்கலாமா என்றார்.

ஜெனிஷா அழவில்லை. "பூட்டாம இருந்தா இன்னிக்கே போறேன்பா. எனக்கு வேற ஒண்ணுமே வேணாம்."

இத்தனை வருஷத்தில் காபியை ஆறவிட்டு ராஜமேரி வாசற்படியில் நின்றது அன்றுதான். இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று புருஷன் வாயையே பார்த்தாள். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஜோஸ்வின் நிற்பது தெரிந்தது. இன்னாசிராஜும் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

பிறகு அவர் தீர்ப்புச் சொன்னார். பூட்டு இருக்கட்டும். இன்னொரு சாவி போட்டுக் கீழ்வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவைக்கட்டும்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. ரெண்டு பக்கமும் இறங்கி வந்தாகிவிட்டது என்று சித்தப்பா கேக் பெட்டியைப் பிரித்தார். இன்னாசிராஜ் மகளைப் பார்த்தார். பழகிரும், பொறுத்துக்கோ, அனுசரிச்சுப் போ என்று அத்தனை சொல் வைத்திருந்த மனுஷனுக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கண்ணு" என்றார். குரல் உடைந்திருந்தது. உடைந்து என்ன பிரயோசனம்?

ஜெனிஷா அம்மா பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா."

ராஜமேரி தேடினாள். போகாதே என்று ஒரு சொல் எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதான். ஆனால் அதைச் சொன்னால் சின்னவளின் ஓலை நிற்கும்.

"காபி ஆறுது, குடி" என்றாள்.

மகள் டம்ளரை வாங்கிக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் இன்னாசிராஜே ஓலை வாசித்தார். இன்னார் மகள் ஜோஸ்வின், இன்னார் மகன் என்று வாசித்து, தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று முடித்தார். ஜெனிஷாவுக்கும் இதே குரலில்தான் மூன்று ஞாயிறு வாசித்தார். அப்போதும் யாரும் எழுந்திருக்கவில்லை. பூட்டையெல்லாம் யார் தடையில் சேர்க்கிறார்கள்?

மூன்றாம் ஓலையும் முடிந்த வாரத்தில் ராஜமேரி மகளுக்குப் போன் போட்டாள். சாவியைப் பற்றித்தான் முதலில் கேட்டாள்.

"கொஞ்ச நாள் கீழ்வீட்டம்மாகிட்ட இருந்துச்சும்மா. புருஷன் பொண்டாட்டி விசயத்துல நமக்கெதுக்குப் பொல்லாப்புன்னு அவருகிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க."

"அப்பாகிட்டச் சொல்லட்டுமா கண்ணு?"

"வேணாம்மா. அடுப்ப சன்னலோரமா மாத்தி வெச்சுக்கிட்டேன். இப்ப பரவால்ல."

கல்யாணம் எப்போது, புடவை எடுத்தாயிற்றா என்று ஜெனிஷா கேட்டாள். அவருக்கு லீவு கிடைத்தால் அன்று ஒருநாள் வருவோம் என்றாள். வைத்துவிட்டாள்.

ராஜமேரி குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். அங்கே லூர்துமேரியின் அம்மா தண்ணி பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாண வேலையெல்லாம் விசாரித்துவிட்டு, பெரியவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"அட்ஜஸ்ட் ஆயிட்டாக்கா" என்றாள் ராஜமேரி.

லூர்துமேரியின் அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தன் குடத்தை எடுத்துவிட்டு, ராஜமேரியின் குடத்தைக் குழாய்க்குக் கீழே நகர்த்தி வைத்தாள்.