கண்ணாடிக்குப் பொருந்திய மேடை

சமையல் மேடையின் உயரத்துக்கு எங்கள் தொழிலில் ஒரே கணக்குதான். சமைப்பவரின் முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே. பதினைந்து வருடமாக வீடு வீடாகத் தொண்டை வற்றச் சொல்லி வருகிறேன். சொந்த அக்கா வீட்டில்தான் கோட்டை விட்டேன்.

அக்காவுக்கு வலது தோள் போய்விட்டது. இருபத்திரண்டு வருடமாக வாடகை வீடுகளின் உயரமான மேடைகளில் கையைத் தூக்கித் தூக்கிச் சமைத்ததில் வந்த வினை. "புது வீட்லயாவது தோள் வலிக்காம சமைக்கணும்டா" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

அளவெடுக்கப் போன அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் இருந்தார். வெந்நீர் வைக்கக்கூட அடுப்புப் பக்கம் போகாதவர், ஆறடி ஆள். "யார் அளவா இருந்தா என்ன மாப்ள, என்னையே அள" என்று சுவரோரம் விறைப்பாக நின்றார். முழங்கை உயரத்தில் நாலைக் கழித்ததும் மேடைக்கு நாற்பது அங்குலம் வந்தது.

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. சமையலறையில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். அதன் அடிச்சட்டமும் சரியாக நாற்பதில் இருந்தது. கண்ணாடியைத் தள்ளினால் உள்ளே இருக்கும் கல் ஒரு மேடு பள்ளம் இல்லாமல் அப்படியே வெளியே ஓடும். இப்படியொரு பொருத்தம் எனக்கு வாய்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அக்காவை மறந்தே போனேன்.

கல் பதித்த மறுநாள் அவள் வந்து நின்றாள். மேடை நெஞ்சுக்கு வந்தது.

"இறக்க முடியுமாடா?"

"கல்லு ஜன்னல் சட்டத்துக்கு அடியில போகுதுக்கா. மொத்தக் கண்ணாடியையும் கழட்டணும்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் அத்தானைக் கூப்பிட்டு மேடை முன்னால் நிற்க வைத்தாள். அளவு கனகச்சிதம்.

"உங்களுக்குன்னே செஞ்சிருக்கான்" என்று கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அத்தான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். மதியம் பசி வந்ததும் சிரிப்பு நின்றது. முதல் வாரம் அவர் தீய்த்ததையெல்லாம் கண்ணாடி வழியாகத் தெருவே பார்த்தது.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். அத்தான் அடுப்பிலிருந்து இறக்கி, அக்காவுக்குத்தான் முதலில் பரிமாறினார்.

"எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு" என்றாள் அக்கா. அடுத்த வாயை எடுத்தாள்.

அது பாராட்டா குறையா என்று அத்தானுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவள் கையால் எத்தனை வேளை சுடச்சுடச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு வேளைகூட அவள் என்னோடு உட்கார்ந்ததில்லை.