கம்சாயினி தோற்ற விவாதம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. பழுகாமத்துப் பக்கம் நடந்த ஒரு மீனவர் சங்கக் கூட்டத்தில், என் அயல்வீட்டுக் கம்சாயினி ஒவ்வொரு வாதத்திலும் வென்று கடைசியில் தோற்றாள். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி குடிவெறியில் தள்ளாடியபடி எழுந்து..."

[அடித்துவிட்டேன். அவர் குடிப்பதில்லை. அவர் பேச்சு பிழை என்று காட்ட ஆளையே கெட்டவராக்கப் பார்த்தேன். அன்று அவர் கம்சாயினிக்குச் செய்ததும் அதுதான்.]

3

நடந்தது இது. வாவிக்கரையில் தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்ணாக்காட்டை வெட்டி இறால் பண்ணை போட ஒரு கம்பனி வந்தது. சங்கம் சம்மதிக்க வேண்டும். மீனவர் நல்லரத்தினத்தின் மகளும் கடல்வளம் படித்தவளுமான கம்சாயினி எழுந்தாள்.

"அந்த வேருக்குள்ளதான் மீன்குஞ்சு வளருது. பண்ணைய மேட்டுக்காணியில போடச் சொல்லுங்க."

"கட்டின புருசனோட ஒரு வருசம் இருக்க ஏலாதவள் எங்களுக்குப் புத்தி சொல்ல வாறாள்" என்றார் வினாயகமூர்த்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ட கலியாணத்துக்கும் மீன்குஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப எங்கட பொடியனுகளுக்கு வேலை வேணாம் எண்டுறாய்?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல."

"ஒண்டில் பண்ணை, இல்லாட்டிப் பட்டினி."

"வேற இடம் எண்டு இப்பத்தானே சொன்னன்!"

"ஊரே ஓம் எண்டுது. ஊருக்கா பிழை?"

(இவை எல்லாவற்றுக்கும் தர்க்க நூல்களில் பெயர் உண்டு. ஆளைத் தாக்குதல், சொல்லாததைச் சொன்னதாக்கி அடித்தல், இரண்டே வழி என்று மிரட்டுதல், கூட்டத்தைச் சாட்சிக்கு இழுத்தல். பள்ளிக்கூட விவாத அணித் தலைவியாக இருந்தவளுக்கு அத்தனையும் மனப்பாடம். பெயர் தெரிந்து என்ன பயன்?)

பண்ணைக்கு ஆதரவானவர்கள் கை தூக்கினார்கள். நல்லரத்தினமும் தூக்கினார்.

4

வெளியே வந்ததும் கேட்டாள்: "அப்பா, நான் சொன்னதுல எது பிழை?"

"ஒண்டும் பிழையில்ல, புள்ள. நாளைக்குத் தோணி தள்ள அவனுகள்தானே எனக்கு வேணும்."

நல்லரத்தினம் சொன்னதில் எந்த வாதப்பிழையும் இல்லை. அதுதான் அவளை உடைத்தது.

5

காட்டை வெட்டினார்கள். கம்சாயினி கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். அடுத்த மாரிகாலத்தில் வாவியில் மீன் குறைந்தது. எனக்கு முடிவு கிடைத்துவிட்டது: "செத்த மீன்கள் கரையில் ஒதுங்க, வினாயகமூர்த்தி தலையில் கைவைத்து..."

தொலைபேசியில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இந்த முறை மழையும் பிந்தித்தான் வந்தது. பிறகு நடந்தது எண்டதுக்காக அதாலதான் நடந்தது எண்டு எழுதாதீங்க, அண்ணன்."

"அப்ப உன்ட பக்கம் நியாயம் எண்டு எப்பிடிக் காட்டுறது?"

"அண்டைக்குக் கூட்டத்திலயே காட்டினன்தானே."

அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

6

ஆகவே அந்த முடிவையும் அடித்துவிட்டேன். வேறொன்று வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மீன் செத்தால்தான் அவளை நம்புவேன் என்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் கை தூக்கியவர்தான்.