மச்சான் வீட்டுக் கூடத்தில் சொட்டிய எண்ணெய்

பல் டாக்டரின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து ஒழுகிய இன்ஜின் ஆயில், கார் நின்ற இடத்தில் ஒரு சொட்டுகூட விழாமல், நான்கு தெரு தள்ளியிருந்த அவருடைய மச்சான் வீட்டுக் கூடத்தில், மேற்கூரையிலிருந்து ஒன்பது வருஷம் சொட்டியது. மச்சான் ஒரு மெக்கானிக். ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் அலைகிறவர் என்பதால் ஊர் அவரைப் பிஸ்டன் என்றது. முதல் சொட்டு விழுந்த அன்றே அதை விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனவருக்கு, அது எந்த இன்ஜினுடையது என்று தெரிந்துவிட்டது. அந்த இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டி, தங்கையின் கல்யாணத்துக்குக் காரோடு கொடுத்தவரே அவர்தான். தையல்காரியான அவர் மனைவி சொட்டுக்குக் கீழே ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு, தையல் மெஷினைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டாள்.

இது இப்படி ஆனதற்குக் காரணம் தெருவுக்கே தெரியும். கல்யாணமாகி ஒரு மாதத்தில் காரின் அடியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் தெரிந்தது. பல்லைப் பிடுங்குகிற மாதிரி கியரைப் பிடுங்கினால் இன்ஜின் தாங்குமா என்று பிஸ்டன் நாலு பேர் நடுவில் கேட்டுவைத்தார். சிரித்தவர்களும் இருந்தார்கள். டாக்டருக்கு முகம் சுண்டிப்போனது. "இனிமே இந்த வண்டி உங்க பட்டறைக்கு வராது மச்சான். ஒழுகினா உங்க வீட்டுலயே ஒழுகட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எண்ணெய் அந்தப் பேச்சுக்கு அப்படியே கட்டுப்பட்டது. தங்கை மட்டும் மாதம் ஒருமுறை வந்து, கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து, அண்ணியிடம் பேசிவிட்டுப் போவாள். கிண்ணத்தைப் பற்றி அவள் வீட்டில் சொன்னபோது டாக்டர் குனிந்து காரின் அடியைப் பார்த்து, தரை காய்ந்துதானே இருக்கிறது என்றார்.

பிஸ்டன் வீம்புக்காரர். காரைத் தொட முடியாதவர் கூரையைத் தொட்டார். ஏணி போட்டு ஏறி, ஜன்னலிலிருந்து வாசற்கதவு வரை சாக்பீஸால் அந்த இன்ஜினை வரைந்தார். கசிவு தேடும்போது இன்ஜினைத் துடைத்துப் பவுடர் தூவுவது வழக்கம். அவர் கூரையைத் துடைத்து, மனைவியின் முகப்பவுடரை அடித்தார். ஈரம் ஜன்னலோரம் தெரிந்தது. மேல்மூடியின் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் தேய்ந்துவிட்டது என்று தீர்மானித்தார். இரண்டு வருஷத்தில் அந்த இடம் காய்ந்தது, சர்வீஸுக்குப் போன வேறு பட்டறையில் கேஸ்கெட்டை மாற்றியிருந்தார்கள். அடுத்த வாரமே கூடத்தின் நடுவில் சொட்டியது. அதையும் எவனோ மாற்றினான். பிறகு வாசலோரம், பின்பக்கத்து ஆயில் சீல். ஒவ்வொரு முறையும் பிஸ்டனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

"ஓட்டுற லட்சணம் அப்படி" என்பார்.

"மூணு இடத்துலயும் புதுசு போட்டாச்சு. இன்னுமா அவர் ஓட்டுறதுதான் காரணம்?" என்றாள் மனைவி.

டாக்டருக்கும் எக்ஸ்ரே எடுக்கும் தங்கைக்கும் மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பிப் போவார்கள். அப்படியொரு திங்களன்று எட்டரைக்கு, காய்ந்து கிடந்த மூன்று இடங்களும் ஒன்றாகத் திறந்தன. நான்காவதாகப் புதிதாக ஒரு இடமும் திறந்தது. சொட்டு நூலானது. பிஸ்டன் ஏணியில் நின்றபடி அண்ணாந்து பார்த்தார். புது கேஸ்கெட்டெல்லாம் ஒரே நேரத்தில் எப்படி ஒழுகும்? கேஸ்கெட்டில் குறையில்லை. உள்ளே காற்று அடைபட்டு எண்ணெயை வெளியே தள்ளுகிறது. இன்ஜினின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. அடைத்தது யார் என்பதும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஏணியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணத்தன்று, காருக்குள் எண்ணெய்ப் புகை நாறுகிறது, குமட்டுகிறது என்று தங்கை சொன்னாள். அவர் தன் புதுச் சட்டையின் அடிப்பக்கத்தைக் கிழித்து அந்தக் குழாயில் திணித்தார். நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தவர், அதைச் சுத்தமாக மறந்தார். துணி வழியாக முதலில் கொஞ்சம் காற்று போயிருக்கும். ஒன்பது வருஷத்துக் கசடு ஏறி இப்போது கல்லாகியிருக்கும்.

இன்ஜின் பிடிப்பது ஐந்து லிட்டர். மனைவியின் பாத்திரத்தில் ஏற்கெனவே இரண்டு. இன்னும் இரண்டு போனால் இன்ஜின் இறுகும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். மலைப்பாதையின் மூன்றாம் வளைவில் பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவரே கிடையாது. தங்கையின் போனுக்கு மலையில் சிக்னல் இல்லை. சேர்ந்த எண்ணெயைக் கேனில் ஊற்றிக்கொண்டு பிஸ்டன் பைக்கை முறுக்கினார். விறகு வண்டிகள் போகும் மண் பாதையில் குறுக்கே ஏறினார். கடவுளே கடவுளே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.

வீட்டில், கேனில் போனதையும் சேர்த்து மூன்றரை லிட்டரில் ஒழுகல் சட்டென்று நின்றது. வண்டி நின்றுவிட்டது என்று அவர் மனைவிக்குப் புரிந்தது. எப்படி நின்றது என்பதுதான் தெரியவில்லை. பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் வளைவில் குறுக்கே நின்ற பைக்குக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றிருந்தது.

"மச்சான், உங்களுக்கென்ன பைத்தியமா?"

"இன்ஜினை நிறுத்துங்க மாப்பிள்ளை. ஆயில் லைட் எரியுது பாருங்க."

"லைட்டு பொய் சொல்லுது. கீழ ஒரு சொட்டு இருக்கா, நீங்களே பாருங்க."

"கீழ இருக்காது. எங்க வீட்டுல இருக்கு."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். பிஸ்டன் பானட்டைத் திறந்து, மூச்சுக்குழாயைக் கழற்றி, நீள மூக்குக் குறடால் உள்ளேயிருந்து ஒரு கறுப்புக் கட்டியை இழுத்தார். இன்ஜின் நீளமாகப் பெருமூச்சு விட்டது. கட்டியைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு, வேறு பட்டறைக்காரன் விட்டுப்போன கந்தல் என்று அவர் சொல்லியிருக்கலாம். கை ஓங்கவும் செய்தது. அதற்குள் தங்கை அதை வாங்கிப் பிரித்து, எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்தாள். கசடுக்கு நடுவில் நீலக் கட்டம் தெரிந்தது.

"அண்ணே, இது உங்க சட்டையாச்சே."

"ஆமாம்மா. நான்தான் வச்சேன். எடுக்க மறந்துட்டேன். தப்பு முழுக்க என்னோடது மாப்பிள்ளை."

டாக்டர் அந்தத் துணியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "ஒன்பது வருஷமா ஒவ்வொரு கியரையும் பயந்து பயந்து மாத்தியிருக்கேன் மச்சான்" என்றார். பிஸ்டனுக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை அவர் மறைக்கவில்லை. கேனிலிருந்த எண்ணெயை டாக்டரே இன்ஜினில் ஊற்றினார். அது அந்த வண்டியின் எண்ணெய்தான் என்பதால் என்ன ஆயில் என்று கேட்கவில்லை.

கார் பட்டறைக்கு வந்தது. பிஸ்டன் எல்லாவற்றையும் புதிதாக்கினார்; பின்பக்கத்து சீலில் ஒரு மயிரிழைக் கசிவு மட்டும் மிஞ்சியது. அரை நாள் வேலைதான், முடித்துவிடலாம் என்றார். "அது இருக்கட்டும் மச்சான்" என்றார் டாக்டர். ஒன்பது வருஷமாக அந்தச் சட்டையின் அடிப்பக்கம் எங்கே என்று கேட்டுச் சலவைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த தையல்காரி, அதை நிறுத்திக்கொண்டு மெஷினைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். இப்போதெல்லாம் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாசலோரம் கிண்ணத்தை வைக்கிறாள். கார் மூன்றாம் வளைவைத் தாண்டும்போது ஒரே ஒரு சொட்டு விழும். "தாண்டிட்டாங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் பிஸ்டன் பட்டறைக்குக் கிளம்புவார்.